புனர்வாழ்வுக்கும் புத்திமதிக்கும் நடுவில் ஒரு குளிசை

பாடசாலைக் காலைக்கூட்டம், கோயில் ஒலிபெருக்கி, சனசமூக நிலையம், ரியூசன் வாசலில் கட்டின பனர். கடந்த சில வருடங்களாக எங்கட ஊர்களில் போதைப்பொருளைப் பற்றிக் கதைக்காத இடம் இல்லை. பிள்ளைகள் தொடங்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் ஏற்கனவே தொடங்கி, விட ஆசைப்பட்டும் விட முடியாமல் நிற்கிற 16, 17 வயதுப் பிள்ளையை என்ன செய்வது என்று கேட்டால் கதை சுருங்கிவிடும். "கூப்பிட்டு இருத்திப் புத்தி சொல்லுங்கோ" என்பது முதல் மறுமொழி. அது சரிவராவிட்டால், "பிடிச்சுப் புனர்வாழ்வுக்கு அனுப்புங்கோ" என்பது இரண்டாவது. மூன்றாவதாக ஒரு மறுமொழியை எங்கட கூட்டங்களில் நாங்கள் கேட்டதில்லை.

அந்த மூன்றாவது மறுமொழி மருந்து. ஹெரோயினில் மாட்டுப்பட்ட பதின்ம வயதுப் பிள்ளைக்கு வைத்தியரின் மேற்பார்வையில் மாதக்கணக்காக, தேவைப்பட்டால் வருடக்கணக்காகக் கொடுக்கக்கூடிய மருந்து. உலகத்துக்கு இது பழைய கதை. எங்களுக்குள் இது இன்னும் கதையாகவே ஆகவில்லை. கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு மருந்தியல் தொழில் இல்லைதான். ஆனால் ஒரு சமூகம் எந்தச் சொற்களால் கதைக்கிறதோ அந்தச் சொற்களுக்குள்தான் தீர்வையும் தேடும் என்பது எங்களுக்குத் தெரியும். எனவே சொற்களில் இருந்தே தொடங்குவோம்.

புனர்வாழ்வு என்பது எங்கட காதில் சும்மா விழுகிற சொல் இல்லை. 2009க்குப் பிறகு ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் அந்தச் சொல்லின் பேரில்தான் முகாம்களில் வைக்கப்பட்டார்கள். அதை நடத்திய புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் பணியகம்தான் பிறகு பொலன்னறுவை மாவட்டத்தில் கந்தக்காடு, சேனபுர ஆகிய இடங்களில் போதைப்பொருள் பாவித்தவர்களுக்கான நிலையங்களையும் நடத்தியது. 2022 ஜூனில் கந்தக்காட்டில் ஒருவர் இறந்து, குழப்பம் வெடித்து, நூற்றுக்கணக்கானவர்கள் தப்பி ஓடியது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதே வருடம் வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலத்தை உயர் நீதிமன்றம் அப்படியே ஏற்கவில்லை. முன்னாள் போராளிகள் போன்ற பிரிவினரை அதில் இருந்து எடுக்க வேண்டியதாயிற்று. மாற்றங்களோடு அது 2023இல் சட்டமானது. போதைக்கு அடிமையானவர்கள் சட்டத்துக்குள் மிஞ்சினார்கள். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டமும் நீதிமன்ற உத்தரவில் ஒருவரைக் கட்டாயமாகச் சிகிச்சைக்கு அனுப்ப இடம் தருகிறது. 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையில் ஆயிரக்கணக்கானவர்கள் கைதானபோதும் புனர்வாழ்வு என்ற சொல் ஒவ்வொரு நாளும் செய்தியில் வந்தது.

இந்தப் பின்னணியில் ஒரு தாய் தன் மகனுக்கு உதவி கேட்டு வெளியில் வருவாளா? "சொன்னால் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்" என்ற பயம் அவளுக்குக் கற்பனை இல்லை. பெண் பிள்ளை என்றால் இன்னும் மோசம். அவளுக்கு நடக்கிறதை வீடே மூடி மறைத்துவிடும். கலியாணம் கெட்டுப்போகும் என்ற ஒற்றை வசனத்துக்குள் அவளின் வருத்தம் புதைந்துவிடும்.

சரி, தூள் பாவிக்கிற உடம்புக்குள் என்ன நடக்கிறது? ஹெரோயின் மூளையில் ஓப்பியோயிட் ஏற்பிகள் என்று சொல்லப்படும் இடங்களில் போய் ஒட்டுகிறது. நோவை அடக்குவதும் மனதை ஆறப்பண்ணுவதும் அந்த இடங்களின் வேலை. தொடர்ந்து பாவித்தால் உடம்பு அந்த அளவுக்குப் பழகிவிடும். பிறகு சந்தோசத்துக்காக இல்லாமல், வருத்தம் வராமல் இருக்கவே தூள் தேவைப்படும். நிப்பாட்டினால் சில மணித்தியாலங்களில் மூக்கும் கண்ணும் ஒழுகும், எலும்பெல்லாம் நோகும், சத்தியும் வயிற்றோட்டமும் வரும், நித்திரை வராது. இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் ஒரு கிழமை அளவில் அது தணியும். வீட்டு அறைக்குள் பூட்டி வைத்தாலும் முகாமில் வைத்தாலும் இந்தக் கிழமை எப்படியோ கடந்துவிடும். பிள்ளை மெலிந்து, குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வெளியில் வருவான். "இப்ப கிளீன்" என்று எல்லாரும் மூச்சு விடுவோம்.

ஆபத்து அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தூளுக்கான தவனம் மாதக்கணக்காக உள்ளுக்குள் கிடக்கும். ஆனால் பழைய அளவைத் தாங்குகிற சக்தி இந்த இடைவெளிக்குள் உடம்பை விட்டுப் போயிருக்கும். மூன்று மாதத்துக்கு முன் எடுத்த அதே அளவை இன்றைக்கு எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளில் இருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வெளியில் வந்த முதல் இரண்டு கிழமைக்குள் அவர்கள் போதைப்பொருள் மிகை அளவால் இறக்கும் ஆபத்து பொதுச் சனத்தை விட 129 மடங்கு. ஒருவரை மருந்தில்லாமல் மறித்து வைத்துவிட்டு, பின்தொடர ஆளில்லாமல் வெளியில் விடுவது அவரைப் பாதுகாப்பது ஆகாது.

இந்த இடத்தில்தான் மருந்து வருகிறது. 1960களின் நடுவில் நியூயோர்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரண்டு வைத்தியர்கள் ஹெரோயின் பாவித்தவர்களுக்கு மெதடோன் என்ற மருந்தை நாளாந்தம் கொடுத்துப் பார்த்தார்கள். அது மெதுவாக வேலை செய்யும், நீண்ட நேரம் நிற்கும். வருத்தம் வராது, வெறியும் ஏறாது. தூளைத் தேடி அலைந்தவர்கள் படிக்கவும் வேலைக்குப் போகவும் தொடங்கினார்கள். பிறகு பியூப்ரெனோர்ஃபின் வந்தது. நாக்குக்குக் கீழ் வைத்துக் கரைக்கிற குளிசை. அது அதே ஏற்பிகளில் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும், ஆனால் அரைகுறையாகத்தான் அவற்றைத் தூண்டும். அளவைக் கூட்டினாலும் ஓர் எல்லைக்கு மேல் அதன் வேலை கூடாது. அதனால் மூச்சு நிற்கும் ஆபத்து மெதடோனையும் ஹெரோயினையும் விடக் குறைவு. மேலே தூள் எடுத்தாலும் ஒட்ட இடம் கிடைக்காது. உலக சுகாதார நிறுவனம் 2005இல் இந்த இரண்டு மருந்துகளையும் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பிரான்சில் 1990களின் நடுவில் சாதாரண குடும்ப வைத்தியர்களும் பியூப்ரெனோர்ஃபின் எழுதிக் கொடுக்கத் தொடங்கியபின் சில வருடங்களுக்குள் மிகை அளவு மரணங்கள் பெருமளவில் குறைந்தன.

"அது பெரிய ஆக்களுக்கு. சின்னப் பிள்ளைக்குமோ?" என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்காவில் 2002இல் பியூப்ரெனோர்ஃபின் அங்கீகாரம் பெற்றபோதே 16 வயதில் இருந்து கொடுக்கலாம் என்றுதான் இருந்தது. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் நேரடியானது. ஓப்பியோயிட்டில் மாட்டுப்பட்ட 15 முதல் 21 வயது வரையான 152 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு 14 நாள் மட்டும் மருந்து கொடுத்து நிப்பாட்டினார்கள். மற்றப் பகுதிக்கு 12 கிழமை கொடுத்தார்கள். ஆலோசனை இரண்டு பகுதிக்கும் ஒன்றுதான். 12 கிழமை முடிவில் முதல் பகுதியில் ஐந்தில் ஒருவர்தான் சிகிச்சையில் மிஞ்சியிருந்தார். இரண்டாவது பகுதியில் பத்துக்கு ஏழு பேர் நின்றார்கள்.

அந்த ஆய்வில் இன்னொரு பாடமும் இருக்கிறது. இரண்டாவது பகுதிக்கு ஒன்பதாவது கிழமையில் இருந்து மருந்தைக் குறைத்துக்கொண்டு போனார்கள். குறைக்கக் குறைக்கப் பலர் மீண்டும் பாவிக்கத் தொடங்கினார்கள், இரண்டு பகுதிக்கும் இடையிலான வித்தியாசமும் சுருங்கியது. கெதியாக நிப்பாட்டாதே என்பதுதான் அதன் பொருள். 2016இல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் சங்கம் ஓப்பியோயிட் பிரச்சினை உள்ள பதின்ம வயதினருக்கு இந்த மருந்துகளைக் கொடுப்பதை வைத்தியர்கள் யோசிக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. அதற்குப் பிறகும் அங்கேயே மருந்து கிடைக்கிற பிள்ளைகள் மிகச் சிலர்தான். பெரியவனுக்கு எழுதிக் கொடுக்கிற வைத்தியருக்கும் 16 வயதுக்காரனைக் கண்டால் பேனை தயங்குகிறது. அந்தத் தயக்கம் எங்கட ஊருக்கு மட்டும் சொந்தமானது இல்லை.

"ஒரு போதையை எடுத்துப்போட்டு இன்னொரு போதையைக் குடுக்கிறியள்" என்பதுதான் இங்கே முதலில் வரும் எதிர்ப்பு. போதைக்கு அடிமையாதல் என்று நாங்கள் எதைச் சொல்கிறோம்? அம்மாவின் தோட்டைத் திருடுவது, பள்ளிக்கூடம் போகாதது, கூட்டாளியை ஏமாற்றுவது, உயிர் போகும் என்று தெரிந்தும் தேடுவது. ஒரு குளிசையைக் காலையில் நாக்குக்குக் கீழ் வைத்துவிட்டு ஏ.எல் வகுப்புக்குப் போகிறவன் இவற்றில் எதைச் செய்கிறான்? மருந்தில் உடம்பு தங்கியிருப்பது உண்மை. தொய்வுக்காரப் பிள்ளையும் பம்ப்பில் தங்கித்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் புத்தகப்பையில் பம்ப் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தாய் பள்ளிக்கூடம் அனுப்புகிறாள். 'எப்ப விடுவாய்' என்று ஒருவரும் அதட்டுவதில்லை.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கனமானது. எங்கட பக்கத்தில் 'குளிசை' என்ற சொல்லே கெட்டுப்போய்க் கிடக்கிறது. நரம்பு நோவுக்குக் கொடுக்கிற பிரிகாபலின் குளிசைகளைப் பெடியள் போதைக்காகப் போடுகிறார்கள். பொலிஸ் பெட்டி பெட்டியாகப் பிடிக்கிறது. இந்த நிலையில் இன்னொரு குளிசையைக் கொண்டுவந்தால் அதுவும் சந்திக்கு வராதா? வரலாம். 2017இல் இருந்து இந்தியாவின் பஞ்சாப் மாநிலத்தில் அரச கிளினிக்குகளில் பியூப்ரெனோர்ஃபின் கொடுக்கிறார்கள். அங்கே குளிசை வெளியில் விற்கப்படுகிறது என்ற முறைப்பாடும் வந்திருக்கிறது. அதனால்தான் பல நாடுகளில் ஆரம்பத்தில் தாதியின் முன்னாலேயே குளிசையைக் கரைக்க வைக்கிறார்கள். நாலொக்சோன் என்ற மருந்தை அதற்குள் கலக்கிறார்கள். கரைத்து ஊசியால் ஏற்றினால் வெறிக்குப் பதிலாக வருத்தம்தான் வரும். இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் வெளியில் வாங்கிச் சொந்தமாக வைத்தியம் பார்க்க வேண்டாம். சாராயத்தோடும் பிரிகாபலினோடும் நித்திரைக் குளிசையோடும் சேர்ந்தால் இந்த மருந்தும் மூச்சை நிறுத்தக்கூடியது.

மூன்றாவதாக, "இப்ப எல்லாம் ஐஸ் தானே" என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஐஸ் எனப்படும் மெதம்பெற்றமைனுக்கு இதுபோல அங்கீகரிக்கப்பட்ட குளிசை இன்னும் இல்லை. 2021இல் பெரியவர்களிடம் இரண்டு மருந்துகளைச் சேர்த்துச் செய்த ஓர் ஆய்வில் பலன் கிடைத்தது நூற்றுக்கு 14 பேரளவுக்குத்தான். கஞ்சாவுக்கும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. மதுவுக்கான நால்ட்ரெக்ஸோன் பெரியவர்களுக்கு உரியது. எனவே எல்லா வருத்தத்துக்கும் ஒரு குளிசை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஐஸுக்கு இதுவரை நன்றாக வேலை செய்திருக்கிற முறை வேறு. கிழமைக்கு இரண்டு மூன்று தரம் சிறுநீர் சோதித்து, பாவிக்கவில்லை என்றால் உடனே ஒரு சின்னப் பரிசு கொடுப்பது. "கெட்டுத் திரியிறவனுக்குப் பரிசும் குடுக்கோணுமோ?" என்று எங்கட பெரியாக்கள் கேட்பார்கள். 2022இல் திருத்தின சட்டத்தின்படி இந்த நாட்டில் 5 கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. தூக்குக்கயிறு வரைக்கும் யோசிக்கத் தெரிந்த எங்களுக்கு ஒரு ரீலோட் கார்ட்டைப் பரிசாகக் கொடுக்க யோசிக்கத் தெரியவில்லை.

நான்காவது எதிர்ப்பு அரசியல். இது எங்கட தலைமுறையை அழிக்கத் திட்டமிட்டுக் கொண்டுவந்து கொட்டப்படுகிறது, முதலில் அதை மறி, பிறகு மருந்தைப் பற்றிக் கதை என்கிறார்கள். இத்தனை சோதனைச்சாவடி இருந்த மண்ணில் இவ்வளவு தூள் எப்படி வருகிறது என்று கேட்க எங்களுக்கு முழு உரிமையும் இருக்கிறது. கேட்க வேண்டும். ஆனால் கடல் வழியாக யார் கொண்டுவந்தார்கள் என்று விசாரித்து முடியும் வரைக்கும் பக்கத்து வீட்டுப் பெடியனின் உடம்பு பொறுத்திருக்காது. வேலையில்லாமை, போரில் சிதறின குடும்பங்கள், வெளிநாட்டுக் கனவு என்று ஆழமான காரணங்களைச் சொல்வதும் சரிதான். எங்கட பீடத்துக் கருத்தரங்குகளில் அதைத்தான் நாங்களும் கதைக்கிறோம். காரணத்தை ஆராய்வதற்கும் பிள்ளையை உயிரோடு வைத்திருப்பதற்கும் நடுவில் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்லி ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை.

மருந்து மட்டும் போதும் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். 15 வயதில் தூளுக்குள் போன பிள்ளைக்குப் பெரும்பாலும் அதற்கு முன்னமே ஒரு கதை இருக்கும். மனச்சோர்வு, வீட்டு அடி, இழப்பு, துஷ்பிரயோகம். அவற்றைக் கதைக்க ஆள் வேண்டும். குடும்பத்தையும் இருத்திக் கதைக்க வேண்டும். ஆனால் எலும்பு நொந்து, வயிற்றோட்டம் போய், அடுத்த பக்கெற்றுக்குக் காசு தேடுகிற ஒருவனால் ஆலோசகரின் கதிரையில் அரை மணித்தியாலம் இருக்க முடியாது. மருந்து அவனை அந்தக் கதிரையில் இருத்துகிறது.

நாங்கள் பார்த்த விழிப்புணர்வு வீதி நாடகங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கோ. தூள் பாவிக்கிற பெடியன் கடைசியில் செத்துப்போவான், அல்லது விலங்கோடு போவான், அல்லது அம்மாவின்ர காலில் விழுந்து ஒரே இரவில் திருந்திவிடுவான். இந்த மூன்றைத் தவிர நாலாவது முடிவு கிடையாது. கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்கிறவன், இரண்டு தரம் வழுக்கி மூன்றாம் தரமும் கிளினிக்குக்கு வந்தவன், குளிசை போட்டுக்கொண்டே ஓ.எல் எழுதினவன் என்று ஒரு பாத்திரத்தை நாங்கள் மேடையில் கண்டதில்லை. நாடகமும் அரங்கியலும் படிக்கிற எங்கட நண்பர்கள் அடுத்த முறை இப்படியொரு பாத்திரத்தை எழுதினால், முன்வரிசையில் இருக்கிற ஒரு பிள்ளைக்கு அது முதற்தரமாக ஒரு வழியைக் காட்டக்கூடும்.

மேடைக்கு வெளியில் நாங்கள் கேட்க வேண்டியவை நாலு. ஒன்று, மாவட்ட வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் வந்து போகக்கூடிய ஒரு வெளிநோயாளர் கிளினிக். அங்கே பொலிசோ இராணுவமோ நிற்கக்கூடாது, பெயர் வெளியில் போகக்கூடாது. இரண்டு, இந்த மருந்துகளை எந்த வயதில், எந்த மேற்பார்வையில், எவ்வளவு காலத்துக்குக் கொடுக்கலாம் என்று தமிழில் எழுதிய, பெற்றோர் வாசித்து விளங்கக்கூடிய ஒரு வழிகாட்டி. மூன்று, சிகிச்சையில் இருக்கிற பிள்ளையைப் பாடசாலை விலக்கக்கூடாது. விலத்தின பிள்ளைக்கு நாள் முழுக்கச் சந்திதான் மிஞ்சும். நாலு, கணக்கு. 'இத்தனை ஆயிரம் பேருக்குப் புனர்வாழ்வு அளிக்கப்பட்டது' என்ற கணக்கு எங்களுக்குப் போதாது. வெளியில் வந்து ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் உயிரோடு, எத்தனை பேர் சிகிச்சையில், எத்தனை பேர் படிப்பில் அல்லது வேலையில் என்று சொல்லுங்கோ.

இவற்றைக் கேட்க மருத்துவ பீடத்தில் படித்திருக்கத் தேவையில்லை. அடுத்த முறை பிரதேச செயலகத்திலோ வளாகத்திலோ போதைப்பொருள் ஒழிப்புக் கூட்டம் நடந்தால், உறுதிமொழி எடுத்து முடிந்தபிறகு கையை உயர்த்திக் கேட்போம்: "ஏற்கனவே மாட்டுப்பட்ட பிள்ளைக்கு மருந்து எங்க கிடைக்கும்?" மறுமொழி கிடைக்கும் வரைக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்போம்.